மெட்டாரைசியம் வளர்ப்பு வெளுத்துப் போகிறது: வீரியம் குறையாமல் பல ஆண்டுகள் வைத்திருக்க என்ன வழி?

கேள்வி
எழுதியவர்: தோட்டத்துக் கிராணி (ஊத்தான் மெலிந்தாங், பேராக்)

அனைவருக்கும் வணக்கம். ஊத்தான் மெலிந்தாங் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் கிராணியாக (எழுத்தராக) இருக்கிறேன். மறுநடவு நடக்கும் பகுதிகளில் காண்டாமிருக வண்டின் தொல்லை எங்களுக்கு மிகுதி. பழைய மரங்களை எரிக்கக் கூடாது என்பதால் அவற்றைச் சாய்த்து, சீவி, வரிசை வரிசையாகக் குவித்து வைக்கிறோம். அவை மட்கி முடியும்வரை வண்டு முட்டையிட்டுப் பெருக அந்தக் குவியல்களே தொட்டிலாகிவிடுகின்றன. பக்கத்திலேயே நட்ட இளங்கன்றுகளின் குருத்தை வண்டு துளைத்துவிட்டுப் போக, மட்டை விரியும்போதுதான் ஆப்பு வடிவில் வெட்டுப்பட்டது நம் கண்ணுக்குத் தெரிகிறது.

இதற்காக எங்கள் அலுவலகத்தின் பின்னால், முன்பு மருந்தகமாக இருந்த அறையில், வண்டின் புழுக்களைக் கொல்லும் மெட்டாரைசியம் பூஞ்சையை வளர்த்துக் குவியல்களில் தூவி வருகிறோம். ஐந்தாண்டுகளுக்கு முன்பு எனக்கு முந்தையவர் அதை ஓர் ஆய்வு நிலையத்திலிருந்து சாய்வு அகார்க் குழாய் (பூஞ்சை வளர ஊட்டக்கூழைச் சாய்வாக உறையவைத்த குழாய்) ஒன்றில் வாங்கி வந்தார். ஓய்வுபெற்றுப் போகும்போது அவர் என்னிடம் ஒப்படைத்தது அந்தக் குழாயின் வழிவந்த வளர்ப்பும் ஒரு நோட்டுப் புத்தகமும்தான். நோட்டில் எழுதியிருந்தபடியே மாதம் தவறாமல் பழைய குழாயிலிருந்து புதிய குழாய்க்கு மாற்றினேன். அதிலிருந்து சிறிதளவு எடுத்து, பைகளில் அவித்த நொய்யரிசியில் வளர்த்து, வித்து (பூஞ்சை பரவ உதவும் பச்சைப் பொடி) பிடித்ததும் வயலுக்கு அனுப்பினேன். கணக்கிட்டுப் பார்த்தால் இப்போது என் கையில் இருப்பது அறுபதாவது மாற்றத்தை நெருங்குகிறது.

தொடக்கத்தில் இரண்டு வாரத்தில் பை முழுவதும் கரும்பச்சையாகிவிடும். இப்போதோ பஞ்சு வைத்து அடைத்ததைப் போல வெள்ளையாகவே நிற்கிறது. ஓரங்களில் மட்டும் வெளிர்பச்சை தெரிகிறது. பெட்ரித் தட்டில் வளர்த்தால் நடுவிலிருந்து விசிறி போல வெள்ளைத் துண்டுகள் பிரிந்து வருகின்றன. தூவிய குவியல்களைக் கிளறிப் பார்த்தால் புழுக்கள் கொழுகொழுவென்று இருக்கின்றன.

சென்ற வாரம் நடந்த ஒன்று என்னை மேலும் குழப்பிவிட்டது. மூன்று ஆண்டுகளுக்கு முன்பு தூவிய பகுதியில் கொடி வெட்டிக்கொண்டிருந்த அக்கா ஒருவர், செத்த புழு ஒன்றைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து கொடுத்தார். என் சுண்டுவிரல் அளவு இருக்கும். சுண்ணக்கட்டி போல விறைத்து, உடல் முழுவதும் பச்சைப் பொடி பூத்திருந்தது. தொட்டதும் கட்டைவிரல் ரேகைக்குள் அந்தப் பச்சை ஏறிவிட்டது, சோப்புப் போட்டும் உடனே போகவில்லை. நான் மாதாமாதம் பேணி வளர்த்தது சோடை போயிருக்க, தூவிவிட்டு மறந்துபோனது குவியலுக்குள் இன்னும் வேலை செய்துகொண்டிருக்கிறது.

இது ஏன் என்பதும், இனி எப்படிச் சேமித்து வைப்பது என்பதும்தான் என் கேள்விகள். எங்களிடம் உள்ளவை ஒரு பிரஷர் குக்கர், ஒரு சூட்டடுப்பு, ஒரு நுண்ணோக்கி, அலுவலகத்தார் ஐஸ் மைலோ வைப்பதற்கும் பயன்படுத்தும் ஒரு சாதாரணக் குளிர்பெட்டி ஆகியவை மட்டுமே. இடி இடித்தால் மின்சாரம் போய்விடும் ஊர் இது.

மறுமொழி 1
எழுதியவர்: வித்துக்கூடம்

கிராணி அவர்களுக்கு வணக்கம். பல ஆண்டுகள் பூஞ்சை ஆய்வகத்தில் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன். உங்கள் வளர்ப்பு கெட்டதற்குக் காரணம் நீங்கள் தவறாமல் செய்துவந்த அந்த மாதாந்தர மாற்றமேதான். சர்க்கரையும் பெப்டோனும் கலந்த அகாரின்மேல் வாழும் பூஞ்சைக்குப் புழுவின் தோலைக் கரைத்துத் துளைக்கும் நொதிகளால் ஆவது ஒன்றுமில்லை, வித்து உண்டாக்கும் உழைப்பும் அங்கே தேவையில்லை. ஆகவே வித்தை விட்டுவிட்டு இழையாக மட்டும் விரைந்து படரும் மாறுபட்ட பகுதி ஒன்று தோன்றினால் அது மற்றவற்றை முந்திக்கொள்கிறது. நீங்கள் கண்ட வெள்ளை விசிறி அதுவே. ஊசியால் எடுக்கும்போது அந்த வெள்ளையிலிருந்தே எடுத்துவிட்டால், கெட்டதைத் தேர்ந்தெடுத்து வளர்த்தவர்களாகிவிடுவோம்.

அந்த அக்கா கொண்டுவந்த புழுவைத் தயவுசெய்து எறிந்துவிடாதீர்கள். உலர்ந்த காகித உறையில் போட்டு வையுங்கள். பிளாஸ்டிக் பையில் போட்டால் வியர்த்து அழுகிவிடும். அதன்மேல் உள்ள பச்சைப் பொடியைத் தூய ஊசியால் தொட்டு, வித்து நீரில் கலக்க உதவும் ட்வீன் 80 துளியளவு கலந்த நீரில் கரைத்து, மேலும் மேலும் நீர்த்து, பாக்டீரியாவை அடக்கும் குளோராம்பெனிக்கால் சேர்த்த அகாரில் பரப்புங்கள். டோடின் என்னும் பூஞ்சைக்கொல்லியை மிகச் சிறிதளவு சேர்த்தால் குவியலில் உள்ள மற்றப் பூஞ்சைகள் பெரும்பாலும் ஒடுங்க, மெட்டாரைசியம் தாக்குப்பிடித்து வளரும். தனியாக முளைத்த ஒரே வித்திலிருந்து வந்த வளர்ப்பைப் பிரித்தெடுங்கள். அது நன்றாகப் பச்சை பிடித்ததும், அந்த முதல் தலைமுறையிலிருந்தே, ஒரே நாளில், இருபது சிறு புட்டிகளாவது தயாரித்து உறங்க வைத்துவிடுங்கள். விதைநெல்லை யாரும் உலையில் போடுவதில்லை அல்லவா? ஆண்டுக்கு ஒரு தாய்ப்புட்டியை மட்டும் திறந்து, அதிலிருந்து வேலைக்குரிய குழாய்களை உண்டாக்குங்கள். அந்தக் குழாய்களும் மூன்று மாற்றத்திற்குமேல் போக வேண்டாம்.

எப்படி உறங்க வைப்பது என்பதில் பல வழிகள் உண்டு. சாய்வுக் குழாயைக் குளிர்பெட்டியில் நான்கு டிகிரியில் வைப்பது சில மாதங்களுக்கு மட்டுமே உதவும். குழாயின் அகார் முழுவதும் மூழ்கி மேலே ஒரு சென்டிமீட்டர் நிற்கும்படி தூய திரவப் பாரபினை ஊற்றி வைப்பதும் பழைய வழக்கம். சில ஆண்டுகள் தாங்கும். ஆனால் அந்த எண்ணெய்க்கு அடியிலும் பூஞ்சை மெதுவாக வாழ்ந்துகொண்டுதான் இருக்கிறது, அதனால் மெதுவாக மாறிக்கொண்டும் இருக்கிறது. கை, மேசை, ஊசி எல்லாம் எண்ணெய்ப் பிசுக்காகிவிடுவது வேறு. எனக்கு அந்த முறையில் ஒருபோதும் விருப்பம் இருந்ததில்லை. வித்து பிடித்த அகாரைச் சிறு துண்டுகளாக வெட்டித் தூய காய்ச்சி வடித்த நீரில் இட்டு மூடிவைக்கும் காஸ்டெல்லானி முறை 1939 முதல் புழக்கத்தில் உள்ளது. செலவு ஏதுமில்லை, மின்சாரம் போனாலும் கவலையில்லை. இரண்டாம் காப்பாக இதையும் செய்து வையுங்கள்.

ஆனால் உங்கள் வசதிக்கு ஏற்றது சிலிக்கா ஜெல் முறையே என்பது என் கருத்து. 1962இல் பெர்கின்ஸ் நியூரோஸ்போரா பூஞ்சைக்காக எழுதிய முறை அது; உலர்ந்த வித்து உண்டாக்கும் மெட்டாரைசியம், பிவேரியா போன்ற பூச்சிகொல்லிப் பூஞ்சைகளுக்கு நன்றாகப் பொருந்துகிறது. நிறமில்லாத வெள்ளைக் குருணையை மட்டும் வாங்குங்கள். நீல நிறக் குருணையில் உள்ள கோபால்ட் உப்பு வித்துகளுக்குக் கேடு. திருகுமூடி உள்ள சிறு கண்ணாடிப் புட்டியில் மூன்றில் ஒரு பங்கு குருணை நிரப்பி, சூட்டடுப்பில் 180 டிகிரியில் இரண்டு மணி நேரம் வைத்து எடுத்து ஆறவிட வேண்டும். ஈரம் பட்டதும் குருணை சுடும் என்பதால் புட்டிகளைப் பனிக்கட்டித் தட்டில் நிறுத்திக்கொள்ளுங்கள். இதை நான் முதன்முதலில் செய்தபோது பனிக்கட்டி எதற்கு என்று விட்டுவிட்டேன். புட்டி கையில் வெந்நீர்க் குவளை போலச் சுட்டது, உள்ளே இருந்த வித்துகளில் ஒன்றும் மிஞ்சவில்லை. கொழுப்பு நீக்கிய பாலைப் பத்து விழுக்காட்டு அளவில் கரைத்து, தூய்மைப்படுத்திக் குளிரவைத்து, அதில் வித்துகளைக் கலந்து, குருணையின் முக்கால் பங்கு மட்டும் நனையும்படி சொட்டுச் சொட்டாக விடுங்கள். அரை மணி நேரம் பனிக்கட்டியிலேயே இருக்கட்டும். பிறகு மூடியைத் தளர்த்தி வைத்து, குலுக்கினால் குருணைகள் ஒட்டாமல் தனித்தனியாக உருளும்வரை ஓரிரு வாரம் அறையில் உலரவிட்டு, மூடியை இறுக்கிக் காற்றுப் புகாத டப்பாவில் போட்டுக் குளிர்பெட்டியில் வையுங்கள். வளர்ப்பு தேவைப்படும்போது நான்கைந்து குருணைகளை அகாரில் தூவினால் போதும். அதே புட்டியைப் பலமுறை பயன்படுத்தலாம்.

இவை எல்லாவற்றையும்விட மேலானது ஆழ்ந்த உறைநிலைதான். பத்து விழுக்காட்டுக் கிளிசராலில் வித்துகளைக் கலந்து, நிமிடத்திற்கு ஒரு டிகிரி வீதம் குளிர்வித்து, மைனஸ் 80 டிகிரியிலோ, மைனஸ் 196 டிகிரியில் திரவ நைட்ரஜனிலோ வைப்பார்கள். அமெரிக்காவில் இத்தாக்கா நகரில் உள்ள பூச்சிகொல்லிப் பூஞ்சைத் தொகுப்பு திரவ நைட்ரஜனில் வைத்துத்தான் காக்கப்படுகிறது. அந்த வசதி உள்ள ஏதேனும் ஒரு நிலையத்தில் உங்கள் புட்டிகள் இரண்டை வைத்துக்கொள்ளக் கேட்டுப் பாருங்கள். தோட்டத்து அறைக்குள்ளேயே எல்லாவற்றையும் வைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

மறுமொழி 2
எழுதியவர்: பழைய மண்டோர்

தம்பி, வித்துக்கூடம் ஐயா புட்டியைப் பற்றி விரிவாக எழுதிவிட்டார். நான் பையைப் பற்றிச் சொல்கிறேன். தாய் வளர்ப்பு எவ்வளவு நன்றாக இருந்தாலும், வளர்த்த பையை வைக்கும் இடம் சரியில்லை என்றால் குவியலில் போய்ச் சேருவது செத்த பொடிதான்.

நான் வேலையில் இருந்தபோது ஓர் ஆண்டு மழை விடாமல் பெய்து, டிராக்டர் உள்ளே போக முடியாமல், விளைந்த பைகள் ஆறு வாரம் உரக் கிடங்கில் தேங்கின. துத்தநாகக் கூரை, நண்பகலில் உள்ளே நின்றால் சட்டை நனைந்துவிடும். மழை விட்டதும் அவற்றைக் கொண்டுபோய்த் தூவினோம். பார்வைக்குப் பச்சையாகத்தான் இருந்தன. ஒரு மாதம் கழித்துக் கிளறியபோது ஒரு புழுகூடச் சாகவில்லை. இந்தப் பூஞ்சைக்கு 25 முதல் 30 டிகிரி வரைதான் இதம். ஈரத்தோடு கட்டிய பையில் வெயில் சூடும் ஏறினால் வித்து உள்ளுக்குள்ளேயே தன் உணவைச் செலவழித்துச் செத்துவிடும், ஆனால் நிறம் மாறாது. அதற்குப் பிறகு பச்சை நிறத்தைப் பார்த்து நான் எந்தப் பையையும் வயலுக்கு அனுப்பியதில்லை.

உடனே தூவ முடியாத பைகளைப் பிரித்து, குளிரூட்டிய அறையில் தட்டுகளில் மெல்லியதாகப் பரப்பி, சலித்து, வித்துத்தூளை மட்டும் தனியாக எடுத்து, ஈரம் ஐந்து விழுக்காட்டளவுக்கு இறங்கும்வரை சிலிக்கா ஜெல்லோடு மூடிவைத்து உலர்த்த வேண்டும். பிறகு அலுமினியத் தாள் உறையில் காற்றுப் புகாமல் ஒட்டிக் குளிரில் வைத்தால் மாதக்கணக்கில் நிற்கும். சலிக்கும்போது முகக்கவசம் கட்டாயம். எங்கள் கூட்டத்தில் ஒருவருக்கு மூச்சிரைப்பே வந்துவிட்டது. அப்படிக் காய்ந்த தூளை நேரே குளிர்ந்த தண்ணீரில் கொட்டாதீர்கள். காய்ந்த வித்து சட்டென்று நீரை உறிஞ்சினால் அதன் மேலுறை கிழிந்துவிடும். ஓர் இரவு ஈரக்காற்று உள்ள மூடிய பெட்டியில் திறந்து வைத்துவிட்டு மறுநாள் கரைத்தால் சேதம் குறையும்.

பூஞ்சைக்கொல்லி அடித்த பம்பில் இதை ஊற்றவே கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். காலையில் ஆள் கணக்கெடுக்கும் எங்கள் பெரட்டுக் களத்தில் இதைப் பற்றி முதலில் விளக்கியபோது, அடித்தண்டை அழுக வைக்கும் கானோடெர்மா பூஞ்சையை நாமே கொண்டுவந்து தூவுவதா என்று எல்லோரும் சண்டைக்கு வந்தார்கள். இரண்டும் வேறு வேறு, இது மரத்தைத் தொடாது என்று புரியவைக்க ஒரு வாரம் ஆயிற்று.

மறுமொழி 3
எழுதியவர்: ஆய்வக ஆசிரியை (குளுவாங்)

இருவரும் சொன்னவற்றை ஏற்கிறேன். ஆனால் குவியலில் கிடைத்த புழுவைத் தாய் வளர்ப்பாக்குவதற்கு முன் சற்று நிதானம் வேண்டும். செத்த புழு எல்லாமே மெட்டாரைசியத்தால் செத்தது ஆகாது. விறைத்துப் பச்சை பூத்தது என்றால் நம்பலாம். வெள்ளையாகவே நின்றுவிட்டால் பிவேரியாவாக இருக்கலாம். தளர்ந்து, கண்ணாடி போல வெளிறி, பிறகு கறுத்து அழுகினால் அது பூஞ்சையே அன்று. இந்த வண்டுக்குரிய வைரஸை 1963இல் ஹூகர் என்னும் ஜெர்மானிய ஆய்வாளர் நம் நாட்டுப் புழுக்களில்தான் முதன்முதலில் கண்டறிந்தார். அந்த வைரஸ் பின்னர் பசிபிக் தீவுகளின் தென்னைகளைக் காக்கப் போனது. ஆகவே உங்கள் குவியலுக்குள் கொல்லி ஒன்று மட்டும்தான் இருக்கிறது என்று எண்ண வேண்டாம்.

வித்தையும் அளந்து பாருங்கள். காண்டாமிருக வண்டைத் தாக்குவதில் பேர்பெற்ற வகையின் வித்து 10 முதல் 14 மைக்ரான் நீளம். சாதாரண வகையின் வித்து ஏறத்தாழ அதில் பாதிதான். முன்பு இரண்டையும் ஒரே இனத்தின் வகைகளாகக் கருதினார்கள். 2009ஆம் ஆண்டுத் திருத்தத்தில் நீள வித்துடையது மெட்டாரைசியம் மேஜஸ் என்று தனி இனமாகிவிட்டது. 1879இல் மெச்னிகோவ் ஒடெசா அருகே கோதுமை வண்டில் கண்டு பெயரிட்டதை 1883இல் சொரோகின் மெட்டாரைசியம் என்னும் பேரினத்தில் சேர்த்தார். இன்னும் எத்தனை முறை மாறுமோ. அதனால் புட்டியின்மேல் இனப்பெயரை மட்டும் எழுதிவிட்டு நிறுத்திக்கொள்ளாதீர்கள். எந்தப் புழு, எந்தப் பகுதி, என்ன தேதி, எத்தனையாவது மாற்றம், உங்கள் வரிசை எண் என்ன என்பவற்றைப் பென்சிலால் எழுதுங்கள். பேனா மை குளிர்பெட்டியின் ஈரத்தில் கரைந்துவிடும்.

நான் பட்ட இரண்டு இழப்புகளையும் சொல்லிவிடுகிறேன். தானாகவே பனி நீக்கிக்கொள்ளும் உறைபெட்டி ஒன்றில் கிளிசரால் குப்பிகளை வைத்திருந்தேன். பனி சேராமல் இருக்க அந்தப் பெட்டி இடையிடையே தன்னைச் சூடாக்கிக்கொள்கிறது என்பது எனக்கு அப்போது தெரியாது. குப்பிகள் மெல்ல இளகுவதும் மீண்டும் உறைவதுமாக ஓராண்டு கழிந்து, நான்கில் மூன்று முளைக்கவே இல்லை. மற்றொன்று உண்ணிப் பூச்சிகளால் வந்தது. மண் மாதிரியோடு வந்த கண்ணுக்கு எளிதில் புலப்படாத உண்ணிகள் பஞ்சடைப்பைத் தாண்டிக் குழாய்விட்டுக் குழாய் நடந்து, போகும் வழியெல்லாம் வேறு பூஞ்சைகளை விதைத்துவிட்டன. குவியலிலிருந்து வரும் புழுவை வளர்ப்பு அறைக்குள் கொண்டுபோகாதீர்கள். வெளியே மேசை போட்டுப் பிரித்தெடுங்கள்.

முளைப்புச் சோதனையைப் பற்றி ஒரு சொல். அகாரில் பரப்பி 24 மணி நேரம் கழித்து 300 வித்துகளை எண்ணுங்கள். முளைக்குழல் வித்தின் அகலத்தைவிட நீண்டிருந்தால் மட்டுமே முளைத்ததாகக் கொள்ளுங்கள். ஆனால் முளைப்பது வேறு, கொல்வது வேறு. ஒரு புட்டி முளைக்கிறதா என்று அகார் சொல்லும், கொல்கிறதா என்று புழுதான் சொல்லும்.

மறுமொழி 4
எழுதியவர்: தோட்டத்துக் கிராணி

மூவருக்கும் என் நன்றி. நீங்கள் சொன்னவற்றை வைத்து இரண்டு மாதங்களாக வேலை செய்து, இப்போதுதான் எழுதுகிறேன்.

அக்கா கொடுத்த புழுவை அலுவலகத் தாழ்வாரத்தில் மேசை போட்டுப் பிரித்தேன். முதல் தட்டுகளில் பாதி வேறு பூஞ்சைகளால் மூடிக்கொண்டன. நீர்த்த கரைசலைப் பரப்பிய தட்டில் தனியாக ஒன்பது வளர்ப்புகள் கிடைத்தன. நுண்ணோக்கியில் வித்துகள் ஆசிரியை அவர்கள் சொன்ன நீள வகையாகவே தெரிந்தன. அடுக்கி வைத்த அரிசி போல ஒன்றையொன்று ஒட்டிச் சங்கிலி சங்கிலியாக நின்றன. ஒரே வித்திலிருந்து வளர்ந்ததைத் தெரிந்தெடுத்து, முதலில் புழுவிடம் சோதித்தேன். பத்துக் கொழுத்த புழுக்களை வித்து கலந்த நீரில் தோய்த்து, ஒன்றையொன்று கடித்துக்கொள்ளாதபடி தனித்தனி டப்பாக்களில், அவித்து ஆறவைத்த மரத்தூளில் விட்டேன். என் பழைய வெள்ளை வளர்ப்பிற்கும் பத்து, வெறும் நீருக்கும் பத்து. மூன்று வாரத்தில் புதியதில் எட்டுச் செத்து விறைத்தன, பழையதில் இரண்டுதான். வெறும் நீரில் ஒன்றும் சாகவில்லை. அந்த எட்டில் ஒன்றிலிருந்து மறுபடியும் பிரித்தெடுத்ததையே தாய் வளர்ப்பாக வைத்துக்கொண்டேன்.

சிலிக்கா ஜெல் புட்டிகள் இருபத்துநான்கும் காஸ்டெல்லானி நீர்ப்புட்டிகள் பன்னிரண்டும் தயாராகிவிட்டன. பனிக்கட்டித் தட்டை மறக்கவில்லை. இருந்தும் குருணை லேசாகச் சுட்டதை விரலில் உணர்ந்தேன். ஆறு புட்டிகளைத் தெலுக் இந்தானில் உள்ள நண்பர் வீட்டுக் குளிர்பெட்டியில் வைத்திருக்கிறேன். பழைய மண்டோர் ஐயா எழுதியதைப் படித்த மறுநாளே பைகளை உரக் கிடங்கிலிருந்து எடுத்துவிட்டேன். நாங்களும் அங்கேதான் அடுக்கி வைத்திருந்தோம்.

கடைசியாக ஒன்று கேட்க வேண்டும். சோதனைக்காக ஒரு தாய்ப்புட்டியைக் குளிர்பெட்டியிலிருந்து எடுத்துத் திறந்து, குருணை எடுத்து, உடனே மூடி வைத்தேன். மறுநாள் பார்த்தால் மேலே உள்ள குருணைகள் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கின்றன. எங்கே தவறினேன்?

மறுமொழி 5
எழுதியவர்: வித்துக்கூடம்

குளிர்ந்திருக்கும்போதே திறந்ததுதான் காரணம். நம் ஊர்க் காற்றின் ஈரம் குளிர்ந்த புட்டிக்குள் நுழைந்ததும் நீராகிக் குருணையில் படிந்துவிட்டது. எடுத்த புட்டியை மூடியபடியே ஒரு மணி நேரம் மேசையில் வைத்து, வெளிப்புறத்தில் வியர்வை அடங்கியதும் துடைத்துவிட்டுத் திறக்க வேண்டும். ஒட்டிப்போன அந்தப் புட்டியைத் தாய்ப்புட்டி வரிசையிலிருந்து நீக்கி வேலைப்புட்டியாக இந்த மாதமே பயன்படுத்தித் தீர்த்துவிடுங்கள். மற்ற இருபத்துமூன்றுக்கும் இதனால் ஒன்றும் ஆகாது.